உஷார்! அந்தப் பெட்ரோல் பாட்டிலைக் கீழே வையுங்கள்

பழைய ஜீப் வைத்திருப்பவர்களே, இதைப் படித்துவிட்டு வண்டியை எடுங்கள். கார்புரேட்டர் வைத்த ஜிப்ஸியிலோ டீசல் மகிந்திராவிலோ கொல்லிமலை, வால்பாறை, கொளுக்குமலை என்று ஏறுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். மேட்டில் வண்டி முக்குகிறது, திணறுகிறது, நின்றுவிடுகிறது. உடனே பானெட்டைத் திறக்கிறார்கள். கூட வந்த ஒருவர் தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் ஊற்றிவிட்டு, "செல்ஃப் அடிப்பா" என்கிறார். மலைப்பாதைகளில் இது சாதாரணக் காட்சி. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஒன்றும் ஆகாததால்தான் இன்னமும் பயமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

என்ன ஆகலாம் என்று கேளுங்கள். பெட்ரோல் சரியாக வராத எஞ்சினில் கலவை மெலிந்துபோய் மெதுவாக எரியும். அடுத்த முறை இன்லெட் வால்வு திறக்கும்போதும் சிலிண்டருக்குள் நெருப்பு மிச்சமிருந்தால், அது வந்த வழியே திரும்பிக் கார்புரேட்டர் வாய் வழியாக 'டப்' என்று வெளியே பாயும். பேக் ஃபயர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஏர் கிளீனர் இருந்தால் அந்தச் சுடர் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதைத்தான் கழற்றி ஓரமாக வைத்துவிட்டோமே! சுடர் நேராகப் பாட்டிலைத் தொடும். பிடித்திருப்பவர் திடுக்கிட்டுக் கையை உதறுவார். அது தன்னிச்சையான உதறல். எவ்வளவு தைரியசாலியானாலும் அடக்க முடியாது. எரிகிற பெட்ரோல் அவர் சட்டையிலோ எதிரே நிற்பவர் முகத்திலோ விழும்.

பெட்ரோலின் குணம் அப்படி. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் அதிலிருந்து பற்றக்கூடிய அளவுக்கு ஆவி கிளம்பும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் கீழே இறங்கித் தரையோடு தரையாகப் படரும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டாரில் ஒரு பொறி, ஒழுங்காக மாட்டாத பிளக் ஒயரில் ஒரு பொறி, நாலடி தள்ளி யாரோ பற்றவைத்த பீடி, எது வேண்டுமானாலும் போதும். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாக மேடேறும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ நமக்குக் காட்டிவிட்டது. கோடையில் மலைச்சரிவில் வண்டியைப் பிரித்துப் போட்டுப் பெட்ரோலைச் சிந்துகிறவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை.

வண்டி நின்றுபோவது தொல்லை. ஏன் நின்றது என்று நாம் தேடுகிற விதம்தான் ஆபத்து. பெட்ரோலைத் திறந்தவெளிக்குக் கொண்டுவராமலேயே எரிபொருள் கோளாறுகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்குப் பொறுமை வேண்டும். மேட்டில் நிற்கும் வண்டிக்குப் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்போது பொறுமை வராது என்பதும் தெரியும்.

இதை இப்போது சொல்லக் காரணம், பங்கில் கிடைக்கும் பெட்ரோலே மாறிவிட்டது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நாட்டில் விற்பனைக்கு வந்தது. 2030க்கு என்று வைத்திருந்த இலக்கை முன்னுக்கு இழுத்து, 2025இலேயே 20 சதவீதக் கலப்பை எட்டிவிட்டார்கள். இ20 பெட்ரோலைத் தாங்கும் ரப்பரும் உலோகமும் 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளுக்குத்தான் கணக்கு. ஜிப்ஸி வெளிவந்ததோ 1985 டிசம்பரில். 970 சிசி எஞ்சினோடு வந்து, 1996இல் 1.3 லிட்டராகி, 2000ஆவது ஆண்டுவாக்கில்தான் கார்புரேட்டரை விட்டு எம்.பி.எஃப்.ஐ. என்ற இன்ஜெக்ஷன் முறைக்கு மாறியது. அந்தக் காலத்து ஓஸும் டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் இந்தப் பெட்ரோலைக் கனவில்கூடக் கண்டதில்லை.

எத்தனால் மூன்று வேலை பார்க்கிறது. பழைய ரப்பரை ஊதவைத்து, இளக்கி, பிறகு வெடிக்கவைக்கிறது. டேங்கின் அடியில் வருடக்கணக்கில் படிந்து கிடந்த கசடைக் கரைத்துக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்புகிறது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடுகின்றன. டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயின் வாய் இருப்பதும் அந்த அடியில்தான். வாரம் ஒருமுறை ஓடும் வண்டியில் இது அவ்வளவாகத் தெரியாது. மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்றுவிட்டு டிசம்பரில் மலையேறப் புறப்படும் வண்டி மாட்டிக்கொள்ளும். கலவை மெலியும் சங்கதியும் இதோடு சேர்கிறது. சாதாரணப் பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இ20க்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டையே வைத்துக்கொண்டிருக்கும் கார்புரேட்டருக்கு இது தெரியாது. வழக்கமான காற்றையே விடும். ஏற்கெனவே ஓஸ் விரிந்து, ஃபில்டர் பாதி அடைத்த வண்டி மேட்டில் முக்குவதற்கு வேறென்ன வேண்டும்?

முதலில் வண்டி நகராமல் இருக்கட்டும்

எஞ்சின் அணைந்ததும் எல்லோரும் பானெட்டைப் பார்க்கிறார்கள். பிரேக்கைப் பாருங்கள்! பூஸ்டர் வைத்த வண்டியில் எஞ்சின் நின்றபின் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் பழைய பிரேக் இருக்கும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் வண்டி பின்னால் உருள ஆரம்பித்து, நாம் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் மூன்றாவது மிதி கைகொடுக்காது. ஒரே மிதியாக மிதித்து நிறுத்துங்கள். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அதற்குப் பிறகுதான் பானெட்.

வில்லிஸ் வழியில் வந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரோப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக மற்றச் சக்கரம் தாராளமாகச் சுற்றும். ஹேண்ட்பிரேக் இழுத்தபடியே இருக்க, வண்டி உருளும். பெட்ரோல் பைப் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க அடியில் படுத்திருப்பவரின் நிலை என்ன? கல் வைக்காமல், ஸ்டாண்டு போடாமல் பழைய ஜீப்பின் அடியில் தலையை நீட்டாதீர்கள்.

அடைப்பா, கரண்டா?

நின்ற வண்டிக்கெல்லாம் பெட்ரோல் பிரச்சினை என்று அர்த்தமில்லை. பெட்ரோல் குறைந்து நிற்கும் வண்டி சொல்லிவிட்டு நிற்கும். மேட்டில் இழுவை குறையும், மிஸ்ஸிங் வரும், ஆக்ஸிலரேட்டரை விட்டால் கொஞ்சம் தெளியும், மறுபடி மிதித்தால் மூச்சுத் திணறும். கரண்டு போய் நிற்கும் வண்டி சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நிற்கும். ஒரே ஒரு குழப்பம் உண்டு. சூடேறிய இக்னிஷன் காயிலும் நின்று, ஆறியபின் உயிர்பெறும். பெட்ரோல் ஆவி அடைப்பும் அப்படியேதான். அதனால் நின்ற உடனே ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறவிட்டுப் பார்த்தால் இரண்டுமே நல்ல பிள்ளையாகிவிடும். பெட்ரோல் வாடையே இல்லாத இடத்தில், ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி பாடியில் முட்டுக்கொடுத்து, பக்கத்திலேயே கார்புரேட்டர் ஒழுகிக்கொண்டிருக்க, செல்ஃப் அடித்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

ஸ்பார்க் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த சோதனைக்கு ஒரு ஸ்பேனர்கூடத் தேவையில்லை. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். டார்ச் என்றால் பேட்டரி டார்ச். தீப்பெட்டியோ லைட்டரோ அல்ல. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் புண்ணியவான்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தை நேர் மேலே கொண்டுபோகாமல், கையால் திராட்டிலைத் தள்ளுங்கள். உள்ளே ஒரு சிறு துளையிலிருந்து பெட்ரோல் சர்ரென்று பீச்ச வேண்டும். பீச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. டேங்கிலிருந்து அதுவரை பெரிய தடையில்லை. பீச்சாவிட்டால் பெரும்பாலும் கிண்ணம் காலி. ஜப்பானிய வகைக் கார்புரேட்டர் பலவற்றில் ஒரு சிறு கண்ணாடிச் சன்னல் இருக்கும். பெட்ரோல் மட்டம் எங்கே நிற்கிறது என்று அதிலேயே தெரியும். அந்தக் கண்ணாடி எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் கிரீஸ் அப்பி வைத்திருக்கும் வண்டிகள் ஏராளம். துடைத்துப் பாருங்கள்.

கிண்ணம் காலி என்றால் டேங்க் மூடியைக் கவனியுங்கள். மெதுவாகத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால், திறந்த சிறிது நேரத்தில் வண்டி நன்றாக ஓட ஆரம்பித்தால், நோய் மூச்சுக்குழாயில் இருக்கிறது. டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். மூடியிலுள்ள வால்வு துருப்பிடித்தோ, பிரீதர் குழாயில் குளவி கூடு கட்டியோ, சேறு புகுந்தோ அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. ஆற்றைக் கடந்து வந்த வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இதற்குப் போய் பம்பை மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்து ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் உண்டு.

எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதும் ஒரு தடயம். டேங்க் கால்பங்கு இருக்கும்போது செங்குத்தாக ஏறினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சு குழாயின் வாய் காற்றில் நிற்கலாம். டேங்கை நிரப்பிக்கொண்டு அதே மேட்டில் ஏறிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் விஷயம் முடிந்தது. கார்புரேட்டர் மிதவைக்கும் சாய்வு ஆகாது. ஒரு பக்கம் சாய்ந்தால் ஜெட் வறளும், மறுபக்கம் சாய்ந்தால் வழியும். மேட்டில் நின்றுபோய், சமதளத்துக்குத் தள்ளியதும் தானே ஸ்டார்ட் ஆகும் வண்டியில் பம்ப் குற்றவாளி அல்ல.

வெயிலில் நெடுநேரம் ஏறி, டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து எடுக்கும்போது மக்கர் செய்தால், அது ஆவி அடைப்பாக இருக்கலாம். எஞ்சின் சூட்டில் பைப்புக்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிட, ஆவியை இழுக்கத் தெரியாமல் மெக்கானிக்கல் பம்ப் திணறுகிறது. உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும், கொதிப்பதும் சுலபமாகும். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். மருந்து, பம்பின் மேல் ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் ஆறவிடுவது. பாட்டில் அல்ல!

ஒழுகாத ஓட்டை

மெக்கானிக்குகள் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். டேங்க் பின்னால் இருக்கிறது, மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினில் இருக்கிறது. இடையில் உள்ள நீளம் முழுக்கப் பம்ப் பெட்ரோலை இழுக்கிறது, தள்ளுவதில்லை. அந்த நீளத்தில் ஓஸ் வெடித்திருந்தால் எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். ஓட்டைக் குழலில் இளநீர் உறிஞ்சுவது போலத்தான்: இழுக்க இழுக்கக் காற்றுதான் வரும், ஒரு சொட்டு வெளியே சிந்தாது. "ஓஸெல்லாம் பார்த்துட்டேன், ஒழுகல" என்று மெக்கானிக் சொன்னால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. ஓஸை மடக்கிப் பாருங்கள். மேலே நுண்ணிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால், விரலால் அழுத்தும்போது கொழகொழவென்றோ கட்டையாகவோ இருந்தால் மாற்றுங்கள். சில ஓஸ்கள் வெளியே புதுசுபோல் இருந்து உள்சுவர் மட்டும் உரிந்துவிடும். உரிந்த தோல் மெதுவாகப் போகும்போது வழிவிட்டு, வேகமாக இழுக்கும்போது கதவுபோல் மூடிக்கொள்ளும். எத்தனால் பெட்ரோலில் இதை இன்னும் அதிகம் எதிர்பார்க்கலாம்.

ஃபில்டரை மாற்றும்போது பழையதைத் தூக்கி எறியாதீர்கள். ஆறிய எஞ்சினில், திறந்தவெளியில், அதிலுள்ளதை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். செம்மண் நிறத்தில் தூள் இருந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. கறுப்புத் துணுக்குகள் என்றால் ஓஸ் உரிகிறது. அடியில் தனியாக நழுவி ஓடும் குமிழ் என்றால் தண்ணீர். வெளிறிய பொடி என்றால் உலோகம் அரிக்கப்படுகிறது. எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும்விட இந்தக் கிண்ணம் நேர்மையானது. புது ஃபில்டரைப் போடும்போது அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்க்கட்டும். மலிவான பிளாஸ்டிக் ஃபில்டரை சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடுகிற வழக்கமும் இருக்கிறது. அது உருகினால் பெட்ரோல் நேராகச் சூட்டில் சொட்டும்.

காற்று அடித்துச் சுத்தம் செய்ததும் நன்றாக ஓடி, பத்து கிலோமீட்டரில் மறுபடி நிற்கிறதா? குப்பை டேங்குக்குள்தான் இருக்கிறது. காற்று அதைத் திரும்பத் தள்ளியது, அது நிதானமாகத் திரும்பி வந்து வாயை அடைத்துக்கொண்டது. டேங்கை இறக்காமல் இதற்கு விடிவில்லை. கம்பிரஸர் வைத்து முழு வேகத்தில் லைனுக்குள் அடிப்பதையும் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் சல்லடை பிய்த்துக்கொண்டு போகும், நிரப்பும் வாய் வழியாகப் பெட்ரோல் பீறிட்டு அடிப்பவர்மேலேயே கொட்டும்.

இறக்கிய டேங்கை வெல்டிங் பட்டறைக்கு எடுத்துப் போகிறவர்களுக்கு: காலி டேங்க்தான் வெடிக்கும். நிறைந்த டேங்கில் ஆவிக்கும் காற்றுக்கும் இடமில்லை. வடித்துவிட்ட டேங்கில் இரண்டும் சரியான அளவில் கலந்து நிற்கும். வாடை போய்விட்டது என்பது சான்றல்ல. தையலிடுக்கில் தங்கிய பெட்ரோல் சூடுபட்டதும் மறுபடி ஆவியாகும். ஆவியை முழுக்க வெளியேற்றத் தெரிந்த, அதையே தொழிலாகச் செய்கிறவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் வேறு டேங்க் வாங்குங்கள்.

ஆயில் கூடினால் சந்தோஷப்படாதீர்கள்

ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்து மட்டம் ஏறியிருந்தால், "வண்டி ஆயிலே குடிக்கல" என்று மகிழ்கிறவர்கள் கவனியுங்கள். மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். கம்பியை முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. அது ஒரு நஷ்டம். கிராங்க் கேஸ் முழுக்கப் பெட்ரோல் ஆவி நிற்கிறது, அது ஆபத்து. அந்த நிலையில் செல்ஃப் அடிக்கக் கூடாது. பம்பையும் ஆயிலையும் மாற்றிய பிறகுதான் சாவி.

பம்ப் போய்விட்டது என்று உறுதியான பின்பும் ஒரு குறுக்குவழி காத்திருக்கிறது. மெக்கானிக்கல் பம்ப் கிடைக்காது, ஏதாவது ஒரு எலெக்ட்ரிக் பம்பைப் போட்டு நேரடியாக பேட்டரியில் கொடுத்துவிடலாம் என்பார்கள். கார்புரேட்டருக்குத் தேவை கால் பார் அழுத்தம். எம்.பி.எஃப்.ஐ. வண்டியின் பம்ப் மூன்று பார் அளவில் தள்ளும். அதைக் கொண்டுவந்து மாட்டினால் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் எஞ்சின்மேல் வழியும். அழுத்தம் சரியான பம்பாகவே இருந்தாலும், எஞ்சின் நின்றால் தானும் நிற்கும்படி ஆயில் பிரஷர் சுவிட்சோ, மோதினால் துண்டிக்கும் சுவிட்சோ இல்லாமல் மாட்டக் கூடாது. வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறார், சாவி ஆனில் இருக்கிறது, பம்ப் மட்டும் விடாமல் பெட்ரோலை இறைத்துக்கொண்டிருக்கிறது. காட்டுப் பாதைக்கென்றே வைத்திருக்கும் வண்டியில் இது கற்பனை அல்ல. ஃபியூஸ்கூட வைக்காமல் ஒயர் இழுத்துக் கொடுக்கும் ஆளிடம் வண்டியை விடவே விடாதீர்கள்.

வாயால் ஓஸை உறிஞ்சுவதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் மோசம். சில மில்லி பெட்ரோல் மூச்சுக்குழாயில் இறங்கினாலே நுரையீரல் வெந்து அழற்சியாகும். புரையேறி இருமினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போது மறுபடியும் நுரையீரலுக்குள் இறங்கும். பத்து இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கிறோமா? கைப்பம்ப் ஒன்று வாங்கி வண்டியிலேயே போட்டுவையுங்கள்.

"டீசல்தானே, பயமில்லை"

இந்த நினைப்புதான் கையைத் தின்கிறது. டீசல் லேசில் ஆவியாகாது என்பது உண்மை. ஆனால் தானே பற்றிக்கொள்ளும் சூடு பெட்ரோலைவிட அதற்குக் குறைவு. சுமார் 210 டிகிரி போதும். பழுத்துக் கிடக்கும் மேனிஃபோல்டின்மேல் டீசல் பீச்சினால் தீக்குச்சி தேவையில்லை.

அதைவிடப் பெரியது அழுத்தம். எம்.எம். 540 போன்ற பழைய மகிந்திராவின் பெஜோ வழி எஞ்சினிலேயே நாசில் திறக்க நூறு பாருக்கு மேல் வேண்டும். டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டு பார் சுமாருக்குத்தான். பிறகு வந்த காமன் ரெயில் வண்டிகளில் ஆயிரம் பாரைத் தாண்டும். எஃப்.ஐ. (ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) பம்ப் பைப்பில் மயிரிழை விரிசல் இருந்து, எங்கே ஒழுகுகிறது என்று தடவிப் பார்க்க விரலை வைத்தால், டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். வெளியே தெரிவது ஊசி குத்தின அளவுப் புள்ளிதான். முதலில் பெரிய வலியும் இருக்காது. "ஒண்ணுமில்ல, கழுவினாப் போச்சு" என்று வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை அழுகத் தொடங்கும். விரல் போகலாம், கையும் போகலாம். இது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம். ஆஸ்பத்திரியில் "அடிபட்டுவிட்டது" என்று பொதுவாகச் சொல்லாமல், "அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது" என்றே சொல்லுங்கள். டி.டி. ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒழுகல் தேட ஓர் அட்டைத் துண்டைக் காட்டுங்கள். ஈரம் அட்டையில் தெரியும்.

பழைய டீசல் ஜீப்பில் பாதித் தொந்தரவு ஏர் பிடிப்பதால் வருவது. மாலையில் கச்சிதமாக ஸ்டார்ட் ஆகி, காலையில் மணிக்கணக்கில் செல்ஃப் தின்றால், ராத்திரியெல்லாம் எங்கோ ஓர் இடுக்கில் காற்று நுழைந்து டீசல் டேங்குக்குத் திரும்பியிருக்கிறது. ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் தெளிவான ஓஸை மாட்டிப் பார்த்தால் குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும். செம்பு வாஷரை மாற்றாமல் அதையே திருப்பித் திருப்பிப் போடுவதும், ஃபில்டர் ரப்பரைச் சரியாக உட்காரவைக்காததும்தான் வழக்கமான காரணங்கள். ஏர் எடுக்க, கைப்பம்பை அடித்து ஃபில்டர் மேலுள்ள பிளீட் ஸ்குருவைத் தளர்த்துங்கள். நுரை போய் டீசல் வந்ததும் இறுக்குங்கள். நாசில் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிக்கும் பழைய முறையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். அவரும் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும், கையைத் தள்ளி வைக்கட்டும். காமன் ரெயில் வண்டியில் அதை யாருமே செய்யக் கூடாது.

எம்.பி.எஃப்.ஐ. ஜிப்ஸிக்காரர்களும் ஒன்றைக் கவனியுங்கள். சாவியை அணைத்த பின்னும் லைனில் அழுத்தம் நிற்கும். பம்ப் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு, எஞ்சினைத் தானே அணையும்வரை ஓடவிட்டு, பிறகு லைனைத் தொடுங்கள். ஊசிப்போன ஓஸுக்குப் பதில் கடையில் கிடைத்த சாதா ஓஸைப் போட்டுக் கிளாம்ப் இறுக்கினால் மூன்று பார் தாங்காது. இன்ஜெக்ஷன் வண்டிக்கென்று விற்கும் ஓஸைக் கேட்டு வாங்குங்கள்.

மலைக்குப் போகும் பழைய வண்டியில் ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பின்சீட்டுக்கு அடியில் மூட்டைகளுக்கு நடுவே அல்ல. பானெட்டுக்குள் புகை வந்தால் மூடியை முழுதாகத் தூக்காதீர்கள், காற்று புகுந்து தீ எழும்பும். இடுக்கு வழியாகப் பவுடரை அடியுங்கள். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் எரிந்தபடியே மிதந்து பரவும். அடங்காவிட்டால் எல்லோரும் காற்று வரும் பக்கமாக விலகி ஓடுங்கள், வண்டி போனால் போகட்டும். அடுத்த முறை மலையேறுமுன் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஓஸையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு தடவை டேங்க் நிரப்பும் செலவைவிடக் குறைவு.